முதல் ஓலை

பகாட்கஞ்ச், டெல்லி
9 ஜனவரி 2025, வியாழன்

அக்கா,

உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன். அதைத் தவிர இந்த ஊரில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் என்று ஒன்றும் கிடையாது.

வாட்ஸ்அப்பில் ஏன் காணோம் என்று கோபப்படாதே. போன் போய்விட்டது. நேற்று மெட்ரோவில் நியூ டெல்லி ஸ்டேஷன் வந்து, முதுகில் பதினான்கு கிலோ மூட்டையோடு வெளியே ஏறினேன். ஒரே பனிமூட்டம். எதிரில் இருப்பது சாலையா சுவரா என்றே தெரியவில்லை, சத்தம் மட்டும் நாலா பக்கமும் வருகிறது. அப்போது ஓர் ஆள் வந்து, நான் பதிவு செய்த விடுதி போன வாரம் தீப்பிடித்து எரிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொந்த வீடு எரிந்தது போல அவ்வளவு துக்கம் முகத்தில். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்கு ஆறுதல் சொன்னேன்! அப்புறம் அவர் காட்டிய ஆட்டோவில் ஏறி, அவர் காட்டிய வேறு விடுதிக்குப் போய், அங்கே மாடிப்படியில் நிற்கும்போதுதான் ஜாக்கெட் பைக்குள் கையை விட்டேன். போன் இல்லை. ஆட்டோவும் இல்லை.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து திரும்பி வந்தால், என் விடுதி எரியவும் இல்லை, ஒன்றும் இல்லை. சுவரில் புதுப் பெயின்ட் கூட அடித்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் எரிந்த ஹோட்டலைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறார்களாம்.

ஹனோய்க்குத் தனியாகப் போனேன், ஜகார்த்தாவுக்குத் தனியாகப் போனேன் என்று வீட்டில் நான் அடித்த தம்பட்டம் எல்லாம் இங்கே செல்லாது. அந்த ஊர்களில் நான் வெளிநாட்டுக்காரி என்று பார்த்தவுடன் தெரியும். இங்கே என் முகம் இந்த ஊர் முகமாக இருக்கிறது. ஹிந்தியில் கேட்கிறார்கள், நான் விழிக்கிறேன், உடனே திட்டு விழுகிறது. மலேசியா என்றால் பொய் சொல்கிறேன் என்று சிரிக்கிறார்கள். என் அறையில் இரண்டு டச்சுப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வழி தவறினால் நாலு பேர் கூடவே வந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். நான் வழி தவறினால் பைத்தியமா என்பது போல் பார்க்கிறார்கள். இன்று காலை பசியாற எதிர்ச்சாரிக்குப் போக இருபது நிமிடம் நின்றேன். கடைசியில் கேஸ் சிலிண்டர் ஏற்றிய ஒரு சைக்கிள்காரர் பின்னால் ஒட்டிக்கொண்டு கடந்தேன்.

நீ சொன்ன வேலையை மறக்கவில்லை. நான் ஜெய்ப்பூரில் இருக்கிறேன், கடைசி வாரம்தான் டெல்லிக்கு வருவேன் என்று அப்பாவும் பிலோமினா அத்தையும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அக்கா, கல்யாணத்துக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கும்போது, மாப்பிள்ளையை அவருக்குத் தெரியாமல் பார்த்து வா என்கிறாயே, எதைப் பார்ப்பது? மேக்ஸ்வெலுடன் நீ மூன்று மாதமாக வீடியோவில் பேசுகிறாய். நல்ல நர்ஸ், நல்ல குணம், ஒன்றுவிட்ட தங்கச்சி பிலோமினாவின் மகன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. நான் புதிதாக என்ன கண்டுபிடிக்கப்போகிறேன்?

இன்னொன்று. பிப்ரவரி எட்டாம் தேதிக்குப் பிறகு நீ வாழ வரப்போவது இந்த ஊருக்குத்தானா? யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

டேப்லட்டில், கையுறையோடு,
டெல்பின்


தைப்பிங்
10 ஜனவரி, வெள்ளி

டெல்பினுக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்புக் கட்டுரைத் தாள்களுக்கு நடுவே வைத்துப் படித்தேன். எரிந்த ஹோட்டல்காரருக்கு ஆறுதல் சொன்ன இடத்தில் சிரித்துவிட்டேன். பிறகு பயமாக இருந்தது. கையில் போன் இல்லாமல் எங்கும் இருட்டும் வரை சுற்றாதே.

மின்னஞ்சலிலேயே எழுது, அதுதான் நல்லது. வாட்ஸ்அப்பை அப்பா கற்றுக்கொண்டுவிட்டார். மேசையில் என் போன் இருந்தால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே படித்து, அவரே பதிலும் போட்டுவிடுகிறார். போன வாரம் மேக்ஸ்வெலுக்கு என் பெயரில் மூன்று பூங்கொத்துப் படம் போயிருக்கிறது.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் இருவர் பெயரையும் வாசிப்பார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று பாஸ்டர் சொல்வார், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், உடனே காணிக்கைப் பாட்டு. நீ எத்தனையோ முறை கேட்டதுதான். இங்கே நம் சபையில் வாசிக்கிற அதே ஞாயிறு அங்கே அவர்கள் சபையிலும் வாசிக்க வேண்டும். இரண்டு பக்கமும் வாசித்தால்தான் கல்யாணம். நீ போய்க் கடைசி வரிசையில் உட்கார். என் பெயரை வாசிக்கும்போது மேக்ஸ்வெல் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுது. வீடியோவில் எல்லாரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

அவர்கள் கரோல் பாக் பக்கம் குடியிருக்கிறார்கள். தமிழ்ச் சபை என்று கேட்டால் அங்கே யாரும் காட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

அம்மா இருந்திருந்தால் உன்னை இப்படி அனுப்பியிருக்க மாட்டேன். இதையெல்லாம் அம்மாவிடமே கேட்டிருப்பேன். முடியவில்லை என்றால் விட்டுவிட்டு அத்தை வீட்டுக்குப் போய்விடு. எனக்காகக் குளிரில் நிற்காதே.

லிடியா


பகாட்கஞ்ச்
12 ஜனவரி, ஞாயிறு மதியம்

அக்கா,

இதை நின்றுகொண்டே படிக்காதே. உட்கார்ந்து படி.

நேற்று ஐ.என்.ஏ. மார்க்கெட் போனேன். அங்கே நம் ஆட்கள் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள் என்று விடுதியில் சொன்னார்கள். பரமசிவம் என்று ஒருவர் கடையில் இட்லி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, நான்கு நாளுக்குப் பிறகு தமிழ் பேசினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தமிழ் சர்ச் எங்கே என்று கேட்டேன். "கோல் மார்க்கெட் பக்கத்துல ஒரு ஸ்கூல் ஹால்ல நடக்கும்மா, காலைல ஒம்பது மணி. நம்ம கஸ்டமருங்க நெறைய பேரு அங்கதான் போறாங்க" என்றார். அவர் நெற்றியில் பட்டையாக விபூதி. இருந்தும் நேரம் வரைக்கும் சரியாகச் சொன்னார்.

இன்று எட்டரைக்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். எழுபது எண்பது பேர் இருந்தார்கள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட நர்ஸ் அக்காக்கள், பட்டாளத்து ஆட்கள், தமிழ்ப் பாட்டுக்கு நடுவில் ஹிந்தியில் கிசுகிசுக்கும் பிள்ளைகள். அத்தையைத் தேடினேன், காணோம். மேக்ஸ்வெல்லையும் காணோம். சரி, தாமதமாக வருவார்கள் என்று நினைத்தேன். பிரசங்கம் முடிந்தது. ஓலை வாசித்தார்கள். இரண்டு ஜோடி. ஒன்று தூத்துக்குடிப் பையன், ஒன்று நாகர்கோவில் பெண். அவ்வளவுதான், உன் பெயர் இல்லை அக்கா.

நான் சும்மா வரவில்லை. வாசலில் நின்ற பெரியவரிடம் கேட்டேன். ஆரோன் என்று பெயர். "மேக்ஸ்வெல் பிரதரா? நர்ஸிங்ல இருக்காரே, அவருதானே? நல்லாத் தெரியுமே! எங்க வீட்டம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்போ அவருதான் பாத்துக்கிட்டாரு. இன்னிக்கி காணோமே" என்றார். அவருக்கு ஓலை வாசிக்கவில்லையா என்று கேட்டேன். "அவருக்கா? அப்பிடி ஒண்ணும் எங்க காதுக்கு வரலியேம்மா" என்றார்.

புரிகிறதா? அங்கே தைப்பிங்கில் உன் பெயரை ஊருக்கு முன்னால் வாசித்தாயிற்று. இங்கே ஒரு காக்காய்க்குக் கூடத் தெரியாது. இன்றைக்கு என்று பார்த்து அம்மாவும் மகனும் ஆலயத்துக்கே வரவில்லை. அவருக்கு இங்கே வேறு யாராவது இருக்கிறார்களா, அல்லது அத்தை கட்டாயத்தில் தலையாட்டிவிட்டு மனுஷன் நழுவப் பார்க்கிறாரா, எனக்குத் தெரியாது. ஆனால் எரிந்த ஹோட்டல் கதையை ஒரு முறை நம்பியவள் நான். இரண்டாவது முறை ஏமாறுவதாக இல்லை. இந்த ஊரை வந்த அன்றைக்கே சரியாகத்தான் எடை போட்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்க விடாதே. அப்பாவிடம் சொல். நான் டெல்லியில் இருக்கிறேன் என்று தெரிந்தாலும் பரவாயில்லை, திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

 

டெல்பின்


தைப்பிங்
14 ஜனவரி, செவ்வாய்

டெல்பினுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். நேற்று சாயங்காலம் அப்பாவிடம் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டார், படித்தார், கழற்றினார், மறுபடி போட்டுப் படித்தார். பிறகு அத்தைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கத்தினார். "ஓலை வாசிக்காம எங்கள முட்டாளாக்கிட்டியே!" அத்தைக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. "வாசிச்சாங்கண்ணே, நான் முன்வரிசையில இருந்தேனே" என்றார். "பொய் சொல்லாத. என் மக கண்ணால பார்த்திருக்கா. பகாட்கஞ்சுல ரூம் எடுத்து உக்காந்திருக்கா" என்று அப்பா சொல்லிவிட்டார்.

 அப்போது அத்தை, "டெல்பின் ஜெய்ப்பூர்லல்லா இருக்கா? அப்போ எங்கள வேவு பாக்க ஆளு அனுப்பிருக்கியளா அண்ணே?" என்று கேட்டார். அப்பா போனை வைத்துவிட்டு, அத்தை எண்ணையும் மேக்ஸ்வெல் எண்ணையும் என் போனிலும் தன் போனிலும் தடுத்துவிட்டார். மழையோடு மழையாகப் பாஸ்டர் வீட்டுக்குப் போய் இரண்டாம் ஓலையை நிறுத்திவிட்டு வந்தார்.

அந்தச் சபையின் பாஸ்டர் பெயர் என்ன, எண் கிடைக்குமா என்று கேட்டார். உனக்குத் தெரிந்திருக்காது என்று சொல்லிவிட்டேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. எதிர் வீட்டு மேகலா பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். நான் நேற்று நன்றாகத் தூங்கினேன். நீ உன் பயணத்தைப் பார். குளிர் உனக்கு ஆகாது, கழுத்துக்கு ஏதாவது வாங்கிச் சுற்றிக்கொள்.

லிடியா


பகாட்கஞ்ச்
16 ஜனவரி, வியாழன்

அக்கா, அக்கா,

நான் பெரிய தப்புச் செய்துவிட்டேன்.

இன்று காலை வரவேற்பில் என்னைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார் என்றார்கள். மேக்ஸ்வெல். நைட் டியூட்டி முடிந்து அப்படியே வந்திருக்கிறார், கண் சிவந்திருந்தது. பகாட்கஞ்சில் ஏழெட்டு விடுதியில் ஏறி இறங்கி, மலேசியாப் பெண் இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "டெல்பின், நாஷ்தா பண்ணீங்களா?"

இன்னும் சாப்பிடவில்லை என்று தலையாட்டினேன். "சலோ, வாங்க, ஒரு சின்ன வேலை. அரை மணி நேரம்தான்" என்று மெட்ரோவில் கரோல் பாக் கூட்டிப்போனார். ஒரு பழைய கல் கோயில். காலையில் ஹிந்திச் சபைக்காரர்கள் ஆராதனை நடத்துவார்களாம், சாயங்காலம் நாலு மணிக்குத் தமிழ்ச் சபை. வாடகைக்கு இடம் வாங்கி இப்படித்தான் இங்கே ஒவ்வொரு தமிழ்ச் சபையும் ஒவ்வொரு இடத்தில், ஒவ்வொரு நேரத்தில் கூடுகிறதாம். ஊரில் நாலைந்து இருக்கிறது. நான் போய் உட்கார்ந்தது வேறு சபை. பரமசிவம் பாவம், அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஆரோன் ஐயாவும் தெரிந்ததைத்தான் சொன்னார். நர்ஸ் மேக்ஸ்வெல்லை டெல்லித் தமிழர் எல்லாருக்கும் தெரிகிறது, எந்தச் சபையாக இருந்தால் என்ன.

கோயில் வாசலில் அறிவிப்புப் பலகை. அவர் ஒரு காகிதத்தைக் காட்டி, "எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராதுங்க. பாஸ்டர்தான் எழுதி ஒட்டினாரு. இதுல லிடியா பேரு எங்க இருக்குன்னு நீங்களே பாருங்க" என்றார். முதல் வரியிலேயே இருந்தது. லிடியா, தைப்பிங், மலேசியா, திரு. எலியேசர் அவர்களின் மூத்த குமாரத்தி. ஜனவரி பன்னிரண்டாம் தேதி, முதல் ஓலை என்று போட்டுப் பாஸ்டர் கையெழுத்து. டேப்லட்டை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பதிலாக, போன் போனதற்குப் புகார் கொடுத்தீர்களா என்று கேட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், இரண்டு மணி நேரம் எனக்காக ஹிந்தியில் மன்றாடிக்கொண்டிருந்தார். இராத்திரி முழுக்கத் தூங்காத மனுஷன்.

இன்னும் இரண்டு ஓலை பாக்கி இருக்கிறது. பதினெட்டாம் தேதிக்குள் அப்பா அத்தையிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் இரண்டாம் ஓலையை வாசித்துவிடலாம் என்று மேக்ஸ்வெல் நினைக்கிறார். நானே அப்பாவிடம் சொல்லியிருப்பேன். ஆனால் இப்போது நான் பேசினால், அத்தை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறாள் என்றுதான் அப்பா நினைப்பார். நீதான் சொல்ல வேண்டும். பலகையைக் காட்டு. டேப்லட்டில் எடுத்த படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. முதலில் இதைச் செய்.

டெல்பின்


தைப்பிங்
17 ஜனவரி

டெல்பின்,

படம் வந்தது. அப்பாவிடம் நேரம் பார்த்துச் சொல்கிறேன். அவருக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. நீ யாருக்கும் எதுவும் எழுதாதே, பேசாதே.

லிடியா


பகாட்கஞ்ச்
20 ஜனவரி, திங்கள்

அக்கா,

நேற்று நாலு மணி ஆராதனைக்குப் போனேன். நீ அப்பாவிடம் சொல்லியிருப்பாய், எப்படியாவது வாசித்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு போனேன். ஓலை வாசிக்கும் நேரம் வந்தது. பாஸ்டர் காகிதத்தை எடுத்தார், மடித்து வேதத்துக்குள் வைத்தார், அடுத்த பாட்டுக்கு எண் சொன்னார். சபையில் எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை தலையைக் குனியவில்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாடினார்.

வெளியே வந்ததும் அத்தை காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "நீ வந்து பாத்ததுல தப்பு இல்லட்டி. பொண்ணு குடுக்கவங்க விசாரிக்கத்தான் செய்வாங்க. எங்க வாசல்ல வந்து, 'அத்தே, நான் டெல்பின்'னு ஒரு குரல் குடுத்துட்டுப் பாத்திருக்கலாம்லா? ஒனக்குக் காய்ச்சல் வந்தா யாருட்டி கஞ்சி வச்சித் தந்திருப்பா இந்த ஊர்ல?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இனி எங்கள் வீட்டுப் பேச்சே வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிடு என்றும் சொன்னார்.

மேக்ஸ்வெல் என்னை மெட்ரோ வரைக்கும் கொண்டுவிட்டார். கூட்டம் தள்ளியது. ஒரு தூண் ஓரமாக நிறுத்தி, ரொம்பத் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "டெல்பின், எங்க சர்வீஸ் நாலு மணிக்குன்னு லிடியாவுக்குத் தெரியும்ங்க. சண்டே ஈவினிங் கால் பண்ண மாட்டேன், சர்ச்சுல இருப்பேன்னு நான் எத்தனை வாட்டி சொல்லிருக்கேன். உங்க கிட்ட அவங்க சொல்லலையா?"

 ரயில் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அப்படித்தானே? ஏன் அக்கா? நான் காலை ஒன்பது மணிக்கு, ஒரு ஸ்கூல் ஹாலுக்குப் போனேன் என்று அன்றைய கடிதத்திலேயே எழுதியிருந்தேனே.

பதில் போடு. சுற்றி வளைக்காமல் போடு.

டெல்பின்


தைப்பிங்
22 ஜனவரி, புதன்

டெல்பின்,

ஆமாம். காலை ஒன்பது மணி, ஸ்கூல் ஹால் என்று படித்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ இடம் மாறிப் போயிருக்கிறாய் என்று. கோபத்தில் நீ எழுதியதை நான் பொறுமையாகப் படித்து முடித்தேன். திங்கள் முழுவதும் அதை வைத்துக்கொண்டு பள்ளியில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அப்பாவிடம் கொடுத்தேன்.

உன்னை அனுப்பும்போது அந்த எண்ணம் இல்லை. நேரத்தை எழுத மறந்தேனா, எழுதாமல் விட்டேனா என்று பல முறை யோசித்துவிட்டேன். எனக்கே தெரியவில்லை. அவரிடம் ஏதாவது குறை இருக்காதா, நீ கண்டுபிடிக்க மாட்டாயா என்று மட்டும் இருந்தது.

வேறு யாரும் இல்லை, டெல்பின். அப்படி யாராவது இருந்திருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். எனக்குக் கல்யாணமே வேண்டாம். முப்பத்தாறு வயதில் எனக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று தெரியும். என் வகுப்பு, என் அறை, சனிக்கிழமை ஏரிக்கரையில் நடை, இது போதும். இதை மூன்று முறை சொன்னேன். அத்தை முதல்முதலில் கேட்டபோது அப்பாவிடம் சொன்னேன். பயப்படாதே, எல்லாப் பெண்களும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். பாஸ்டர் வீட்டம்மாவிடம் சொன்னேன். ஜெபம் பண்ணு, மாறும் என்றார். கடைசியில் மேக்ஸ்வெலிடமே சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் வீடியோவில் ஆரம்பித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனைத் தூக்கிக்கொண்டு ஓர் அறைக்குள் போனார். எனக்காக வெள்ளை அடித்திருந்தார். என் தமிழ்ப் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி செய்திருந்தார். "உங்க ஹைட்டுக்குச் சரியா இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

வேண்டாம் என்று சொன்னால் நம் வீட்டில் ஏன் என்று கேட்பார்கள். காரணம் இருந்தால்தான் 'வேண்டாம்' என்பது செல்லும். என்னிடம் காரணம் இல்லை. நீ அனுப்பிய கடிதத்தில் ஒரு நல்ல காரணம் இருந்தது. அது பொய் என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டேன். அவருக்கு நான் செய்தது அநியாயம். தெரிந்தேதான் செய்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. இது உன் தவறாகவே இருந்துவிடட்டும். நீ ஊர் சுற்றுகிறவள், அவசரக்காரி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். திட்டுவார்கள், இரண்டு வருடத்தில் மறந்துவிடுவார்கள். நான் செய்தது என்று தெரிந்தால் அப்பா மறுபடி முதல் ஓலையிலிருந்து ஆரம்பிப்பார். இன்னொரு முறை தப்பிக்க எனக்குத் தெம்பு இல்லை.

லிடியா


டெல்லி
25 ஜனவரி, சனி

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. இரண்டு நாள் உனக்குக் கெட்ட கெட்ட வார்த்தையாக எழுதி எழுதி அழித்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாணம் வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தால் நான் ஏன் என்று கேட்டிருக்கவே மாட்டேன். அதற்குப் பிறகு, நான் எப்போதாவது உன்னிடம் கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். கேட்கவில்லை. மூன்று மாதமாக உன்னிடம் நான் பேசியதெல்லாம் என் பயணத்தைப் பற்றித்தான்.

நாளை குடியரசு தினம் என்று பாதிச் சாலைகளை அடைத்துவிட்டார்கள். இன்று மத்தியானம் நடந்தே கரோல் பாக் போய், மெட்ரோ வாசலில் மேக்ஸ்வெல்லைப் பார்த்தேன். டியூட்டிக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். இருந்தும் நின்றார்.

அன்றைக்குக் கேட்டதற்குப் பதில் சொல்ல வந்தேன் என்றேன். அக்கா நாலு மணி என்று சொல்லித்தான் அனுப்பினாள், நான்தான் மறந்துவிட்டு ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தேன் என்றேன். பொய் சொல்லும்போது எனக்குக் குரல் உடையும், உனக்குத் தெரியும். இன்று உடையவில்லை. "அச்சா" என்றார். "கோயி பாத் நஹீன், பரவாயில்ல. புது ஊருல எல்லாருக்கும் இப்படி ஆகும்ங்க" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். அப்பாவுக்கும் இதையே எழுதி, வரவேற்புப் பெண்ணின் போனிலிருந்து அனுப்பப்போகிறேன். அத்தை மகனை இனி யாரும் குறை சொல்லக் கூடாது. அது ஒன்றாவது நேராகட்டும். அப்பா என்னை வீட்டுக்குள் விடுவாரா என்று தெரியவில்லை. நானும் இப்போதைக்கு வருவதாக இல்லை.

போகும்போது திரும்பி வந்து, "லிடியா ரொம்ப அழுறாங்களா?" என்று கேட்டார்.

ஆமாம், ரொம்ப அழுகிறாள் என்று சொன்னேன். சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது அக்கா. எப்போதாவது உன்னை யாராவது கேட்டால், நீயும் அழுததாகவே சொல். அவருக்கு அந்த அளவாவது செய்.

டெல்பின்